மீட்டு விட்டால் போதுமா?

பிள்ளைகள் பிறந்து பிறந்து சாகின்ற வீடுகளில் நம் நாட்டில் ஒரு வழக்கம் இருந்து வந்திருக்கின்றது. அடுத்தாற்போல் பிறக்கும் குழந்தையை ஒரு முறம் தவிட்டுக்கு யாருக்காவது விற்று, உடனே திரும்ப வாங்கிக் கொள்வார்கள். விற்றுப்போன குழந்தையை எமன் தேடி வரமாட்டானாம். அக்குழந்தைக்குத் தவிட்டான் என்றோ, பிச்சை என்றோ பெயர் வைப்பார்கள். எமனுக்குக் கணக்கு வழக்குத் தெரியாது, தவிட்டு வியாபாரத்தில் ஏமாந்து போவான் என்று நம்புகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கலாம். ஆனால் அந்த வியாபாரத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. விற்ற தாய் அன்று பொழுது சாய்வதற்குள் தன் பிள்ளையைத் திரும்ப வாங்கிவிடுவாள். நாம் இங்கு எழுத வந்தது, திரும்ப வாங்க முடியாத வியாபாரத்தைப் பற்றியாகும்.

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரை ஏறி, தென்னையையும் கூரையையும் சாய்த்து விட்டுப் போன சேதி எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். அதற்கு அடுத்த மாதம் வெளிவந்த சேதி எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கின்றது? புயலில் எல்லாம் இழந்த ஒரு கூலிக் குடும்பம், தன் மகனை 36,000 ரூபாய்க்கு நாகப்பட்டினம் ஜில்லாவில் ஒருவரிடம் வேலைக்கு அடமானமாய் வைத்தது. குழந்தைகள் பாதுகாப்பு ஊழியர்கள் துப்பு அறிந்து பையனை மீட்டார்கள். பத்திரிகைகள் ஒரு நாள் எழுதின. மறுநாள் வேறு சேதி.

அந்தச் சேதியைப் படித்த கனவான்கள் சொன்னது என்ன? "பெற்ற பிள்ளையை விற்பார்களா? இவர்களும் மனிதர்களா? முதலில் பெற்றவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும்" என்பதுதான். நாகரிகமாய் உடுத்து, வேளா வேளைக்குச் சாப்பிட்டு, வங்கியில் நாலு காசு போட்டு வைத்திருக்கிறவர் வாயில் இந்தப் பேச்சு வெகு சுலபமாய் வருகின்றது. அவர் தம் மகளின் கல்யாணத்துக்கு நிலத்தை ஈடு வைக்கின்றார். நகையை ஈடு வைக்கின்றார். வீட்டை ஈடு வைக்கின்றார். நிலமும் நகையும் வீடும் இல்லாதவனிடம் ஈடு வைக்க என்ன இருக்கின்றது? அவன் கை இருக்கின்றது. அதை ஏற்கெனவே வைத்தாகி விட்டது. பெண்டாட்டியின் கை இருக்கின்றது. அதுவும் வைத்தாகி விட்டது. மிச்சம் இருப்பது பிள்ளையின் கைதான். பெற்றவனுக்குப் பாசம் இல்லை என்று பேசுகிறவர்கள், அந்தப் பிள்ளையின் கையை ஈடாக வாங்கிக்கொள்ளச் சம்மதித்த கடன்காரனுடைய பாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. விற்றவன் பெயர் ஊர் முழுதும் நாறுகின்றது. வாங்கியவன் மட்டும் "ஏதோ கஷ்டத்துக்கு உதவினார்" என்கிற பெயரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

இது புயல் கொண்டுவந்த புது வியாதி அல்ல. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் சரித்திரம் நம் வாசகர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். 1883-ல் பிறந்த அந்த அம்மையார், குடும்பத்தின் வறுமையினால் சிறு குழந்தையாய் இருக்கும்போதே ஒரு தாசியிடம் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் விற்கப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லுகின்றார்கள். பத்து ரூபாயும் பழைய புடவையும் 36,000 ரூபாயாக ஏறியிருக்கின்றது. வேறென்ன மாறியிருக்கின்றது என்று கேட்கத் தோன்றும். மாறாமலும் இல்லை. அன்று பெண்ணைப் பொட்டுக்கட்டி விற்பதற்குச் சாஸ்திரமும் கோயிலும் சர்க்காரும் சாட்சியாய் நின்றன. விற்கப்பட்ட அந்தக் குழந்தையே வளர்ந்து, மேடை ஏறி, 1936-ல் "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்" என்று ஒரு நாவலும் எழுதி, அந்தச் சாட்சிகளின் யோக்கியதையைச் சந்தி சிரிக்க வைத்தார். 1947-ல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. இன்று விற்பனைக்குச் சாஸ்திர சம்மதம் இல்லை. சட்டம் நேர் விரோதமாய் இருக்கின்றது. ஆனாலும் விற்பனை நடக்கின்றது. அப்படியானால் கோளாறு எங்கே?

சட்டத்தை எடுத்துப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு மனிதரை வியாபாரம் செய்வதையும் கட்டாய வேலையையும் தடுக்கின்றது. 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அப்படிப்பட்ட கடன் முழுவதும் அன்றோடு செத்தது, ஒரு காசு திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை என்கின்றது. குடியிருக்கும் குடிசையை விட்டு அவனைத் துரத்தக் கூடாது என்கின்றது. "இது கொத்தடிமைக் கடன் அல்ல" என்று மெய்ப்பிக்க வேண்டிய பாரத்தைக் கடன் கொடுத்தவன் தலையில் வைக்கின்றது. இதைவிடத் தெளிவாய் ஏழைக்குச் சாதகமாக ஒரு சட்டம் எழுதுவது கஷ்டம். ஆனால் அதே சட்டம் குற்றவாளிக்கு விதிக்கிற தண்டனை மூன்று வருஷம் வரை சிறையும், 2,000 ரூபாய் வரை அபராதமும்தான். 36,000 ரூபாய் கொடுத்துப் பிள்ளையை வாங்கக் கூடியவனுக்கு 2,000 ரூபாய் ஒரு அபராதமா? அது அவன் தரகனுக்குக் கொடுக்கிற காப்பிச் செலவு.

நிற்க, தண்டனை ஒரு புறம் இருக்கட்டும். மீட்கப்பட்டவன் கதி என்ன என்பதே நமது கேள்வி. தாசில்தாரும் போலீசாரும் ஜீப்பில் வந்து, செங்கல் சூளையிலிருந்தோ, அரிசி ஆலையிலிருந்தோ, வாத்துக் கூட்டத்திலிருந்தோ ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். படம் எடுத்துக் கொள்கிறார்கள். அன்று இரவு சோறு போடுகிறார்கள். ஊருக்குப் போகப் பஸ்ஸில் ஏற்றி விடுகிறார்கள். ஊரில் என்ன இருக்கின்றது? எந்தக் கஷ்டத்துக்காகக் கடன் வாங்கினானோ அந்தக் கஷ்டம் அப்படியே உட்கார்ந்திருக்கின்றது. கூரை ஒழுகுகின்றது, வேலை இல்லை, ரேஷன் கார்டு வேறு தாலூகாவில் இருக்கின்றது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் சாதிச் சர்டிபிகேட்டு கேட்கின்றார்கள். ஆறு மாதம் தள்ளுகின்றான். அப்புறம் ஒரு தரகன் வருகின்றான். கையில் முன்பணம் இருக்கின்றது. சர்க்கார் கேட்ட காகிதம் ஒன்றையும் தரகன் கேட்பதில்லை. அவனுக்கு அந்த மனிதனின் கை மட்டும் போதும். இதை உச்ச நீதிமன்றமே 1984-ல், நீரஜா சௌதரி என்பவர் தொடுத்த வழக்கில், கொத்தடிமைகளைக் கண்டுபிடித்து விடுவிப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை, வாழ வழி செய்து கொடுக்காவிட்டால் அவர்கள் திரும்பவும் அங்கேயே போய் விழுவார்கள் என்கிற கருத்துப்பட எடுத்துச் சொல்லியிருக்கின்றது. அந்தத் தீர்ப்புக்கு நாற்பது வயது தாண்டி விட்டது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2016-ம் வருஷத்து மறுவாழ்வுத் திட்டப்படி, மீட்கப்பட்ட ஆணுக்கு ஒரு லட்சம் ரூபாய், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு லட்சம், விபசாரத்துக்குக் கடத்தப்பட்டது போன்ற மிகக் கொடிய சங்கதிகளில் மூன்று லட்சம் என்று வைத்திருக்கின்றார்கள். ஒவ்வொரு ஜில்லா கலெக்டரும் இதற்கென்று பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒரு நிதி வைத்திருக்க வேண்டும். கைச் செலவுக்கு உடனடியாகக் கொடுப்பது முதலில் 20,000 ரூபாய் வரை என்றிருந்து, பிறகு 30,000 ஆயிற்று. காகிதத்தில் எல்லாம் அழகாய்த்தான் இருக்கின்றது. ஆனால் முடிச்சு எங்கே என்றால், முழுத் தொகை வருவதற்கு வழக்கு நடந்து குற்றம் ருசுவாக வேண்டும். வழக்கு எத்தனை வருஷம் நடக்கும் என்பது நீதிமன்றத்துப் படி ஏறி இறங்கினவர்களுக்குத் தெரியும். கடன்காரன் வக்கீல் வைக்கின்றான். சாட்சி சொல்ல வேண்டியவன் கூலிக்காக வேறு ஜில்லாவுக்குப் போய்விடுகின்றான். வழக்குத் தோற்றால், அடிமையாய்க் கிடந்தவன் அடிமை இல்லை என்றாகி விடுமா? அவன் முதுகில் இருக்கிற தழும்பு தீர்ப்பைப் படித்துவிட்டு மறைந்து போகுமா?

இந்த இடைவெளியில்தான், அதாவது ஜீப் வந்து போன நாளுக்கும் அவன் தன் காலில் நிற்கிற நாளுக்கும் நடுவில்தான், லாபம் கருதாத தொண்டு ஸ்தாபனங்களுக்கு வேலை இருக்கின்றது. தர்மம் என்ற பேரில் அன்னதானம் செய்வதையும் வேட்டி சேலை கொடுத்துப் படம் பிடித்துக் கொள்வதையும் நாம் இங்கே சொல்லவில்லை. நாம் சொல்லுவது எது என்பதற்கு இரண்டு உதாரணம் காட்டுவோம்.

முதலாவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துத் தீர்மானம் கொண்டு வந்து வாதாடினார். வாதாடிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கலாம். ஆனால் அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சென்னைப் பட்டணத்து விடுதிகள் மறுத்தன. தாசியின் பெண் பக்கத்தில் படுத்தால் மற்றப் பெண்களின் மானம் போய்விடுமாம்! தாசி வீட்டுக்குப் போய் வந்த ஆண்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் யாருடைய மானமும் போகாது. அது வேறு தர்மம். அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக் கொண்டார். அதிலிருந்துதான் 1930-ல் அவ்வை இல்லம் பிறந்தது. அங்கே பெண்களுக்குப் படிப்பும் தொழிலும் கிடைத்தன. சட்டம் செய்ததோடு நில்லாமல், சட்டத்தால் வெளியே வந்தவள் இரவு எங்கே படுப்பாள் என்று கேட்டவர் அவர்.

இரண்டாவது உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கின்றது. 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட ஆதிதிராவிட விவசாயக் கூலிகளின் குடிசைக்குத் தீ வைத்து, 44 பேரைப் பொசுக்கினார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கிருஷ்ணம்மாள் அம்மையாரும் அவர் துணைவர் ஜெகந்நாதனும் அதன் பிறகு இந்தப் பிரதேசத்திலேயே தங்கி வேலை செய்து, 1981-ல் கூத்தூரில் "லாப்டி" என்கிற நில உரிமை இயக்கத்தை ஆரம்பித்தார்கள். அவர்கள் காந்தியார் வழிக்காரர்கள். பிரார்த்தனையில் நம்பிக்கை உள்ளவர்கள். நமக்கும் அவர்களுக்கும் அந்த விஷயத்தில் பொருந்தாது. இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். மிராசுதாரிடம் பேரம் பேசி, வங்கிக் கடன் வாங்கி, ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கூலிக் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்து, பத்திரத்தைப் பெண்கள் பேரிலேயே எழுதச் செய்தார்கள். 2008-ல் அயல்நாட்டுப் பரிசு ஒன்றும் அவர்களைத் தேடி வந்தது. பரிசு பெரிதல்ல. ஒரு காணி நிலம் தன் பெயரில் இருக்கிறவளிடம் தரகன் முன்பணத்தோடு வந்து நின்றால், அவள் அவனைத் திரும்பிப் போகச் சொல்ல முடியும். பண்ணையாள் முறை ஒழிந்தது என்றால் இப்படித்தான் ஒழிய வேண்டும். 1952-ல் தஞ்சை ஜில்லாவுக்கென்று தனியாகப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் செய்த பிறகும், பதினாறு வருஷம் கழித்து வெண்மணி எரிந்ததை மறக்கக் கூடாது.

இனி வேளாங்கண்ணிக்கு வருவோம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வேளாங்கண்ணி, வடக்கே நாகூர், மேற்கே சிக்கல். மூன்று மதத்துக்காரர்களும் ஒரு அரை நாளில் சுற்றி முடிக்கும்படி வசதியாய் அமைந்திருக்கின்றது. ஒரு மதத்துக்காரர் இன்னொரு மதத்துக் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டு போவது இப்பக்கத்தில் சகஜம். ஆவணி மாதக் கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகின்றார்கள். பல நாள் நடந்தே வருகின்றவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதும், கடன் வாங்கி நேர்த்திக்கடன் செலுத்த வருகிறவர்கள் அவர்களில் உண்டு என்பதும் நாம் கண்ணால் காண்பது. ஏழைக்குத் தெய்வத்திடமும் கடன், மனிதனிடமும் கடன். தெய்வத்தின் கடனுக்காவது வட்டி இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம் என்றால், அதைத் தீர்க்க வாங்குகிற பணத்துக்கு வட்டி இருக்கின்றது. சாவு வீட்டில் கருமாதிக்கு, கல்யாண வீட்டில் சீருக்கு, திருவிழாவில் வேண்டுதலுக்கு என்று வாங்கிய சில்லறைக் கடன்களைக் கூட்டிப் பார்த்தால், சில வீடுகளில் அது ஒரு பிள்ளையின் விலைக்கு வந்து நிற்கும். சடங்குச் செலவைக் குறையுங்கள் என்று நம்மவர்கள் தொண்டை வறளக் கத்தி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி அந்தக் கடற்கரையில் கடல் பொங்கி வந்தபோது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் வந்து கூடியிருந்த யாத்திரீகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். நாகை ஜில்லாவில் மாத்திரம் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். யாரும் இல்லாத பிள்ளைகள் மிஞ்சினார்கள். "தத்து எடுத்துக் கொள்கிறோம்" என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். அவர்களில் நல்லவர்கள் யார், பிள்ளை பிடிக்கிறவர்கள் யார் என்று நெற்றியில் எழுதியா ஒட்டியிருந்தது? அந்தச் சமயத்தில் சர்க்கார் புத்தியாய் ஒரு காரியம் செய்தது. தனியாருக்குப் பிள்ளைகளைக் கொடுப்பதை நிறுத்தி, நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும் சர்க்கார் இல்லங்களைத் திறந்து வைத்துக் காப்பாற்றியது. அங்கே வளர்ந்தவர்கள் இன்று படித்து, வேலை பார்த்து, கல்யாணம் செய்து கொண்டு வாழ்கிறார்கள். அலையைத் தடுக்க எந்தத் தெய்வத்தாலும் முடியவில்லை. அலைக்குப் பின் வந்த வியாபாரியைத் தடுக்க ஒரு கலெக்டர் ஆபீஸ் உத்தரவினால் முடிந்தது. நம்பிக்கையுள்ள அன்பர்கள் கோபிக்க வேண்டாம்; நடந்ததைத்தான் சொல்லுகின்றோம்.

புயலும் அலையும் எப்போதோ வருவது. எப்போதும் இருப்பது முன்பணம். முன் காலத்தில் கங்காணி வந்து, மலாய் நாட்டில் பிழைப்பு நன்றாய் இருக்கும் என்று சொல்லி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றினான். இன்று தரகன் டெலிபோனில் வருகின்றான். 2022-ல், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்களைப் பர்மாவின் மியாவாடியில் அடைத்து வைத்து, ஊர் உலகத்தை ஏமாற்றும் மோசடி வேலை வாங்கினார்கள். அந்த அக்டோபரில் 13 பேர் சென்னைக்கு மீண்டு வந்தார்கள். பட்டம் படித்தவன் கதியே இது என்றால், கையெழுத்துப் போடத் தெரியாதவன் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. 2025 மே மாதத்தில் வெளிவந்த சங்கதி இன்னும் கொடிது. வாத்து மேய்த்து வந்த ஆந்திரத்து ஏனாதிக் குடும்பம் ஒன்று. கணவன் செத்துப் போனான். 25,000 ரூபாய்க் கடன் வட்டியோடு 45,000 ஆகிவிட்டது என்று சொல்லி, தாயை வெளியே விட ஒன்பது வயது மகனை ஈடாகப் பிடித்து வைத்தார்கள். அவள் பணம் தேடிக்கொண்டு திரும்பி வந்தபோது, பையன் ஓடிப் போய்விட்டான் என்றார்கள். பிறகு அவன் உடல் காஞ்சிபுரத்தில் பாலாற்றுப் பக்கம் புதைத்த இடத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. மஞ்சள் காமாலையில் செத்தான் என்பது வைத்திருந்தவர்களின் சமாதானம். அந்தத் தாய்க்குத் திரும்ப வாங்குவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

ஆகவே, இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டும் என்று எண்ணுகிற அன்பர்கள் யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அநாதை இல்லம் என்று போர்டு தொங்குகிற இடமெல்லாம் யோக்கியமான இடம் அல்ல. பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லம் சட்டப்படி பதிவு ஆகியிருக்கிறதா, வரவு செலவைத் தணிக்கை செய்து வெளியிடுகிறார்களா என்று கேளுங்கள். மீட்கப்பட்டவருக்கு ஆர்.டி.ஓ.விடமிருந்து விடுதலைச் சான்று வாங்கிக் கொடுத்தார்களா, வழக்கு முடிகிற வரையில் கூடவே நீதிமன்றத்துக்குப் போகிறார்களா என்று கேளுங்கள். விடுதலைச் சான்று இல்லாதவனுக்குச் சர்க்கார் பணத்தில் ஒரு காசும் கிடைக்காது. கெடுக்கப்பட்ட பெண்ணின் முகத்தைப் படம் போட்டு வசூல் செய்கிறவர்களுக்கு ஒரு சல்லியும் கொடுக்காதீர்கள். அது அவளை இரண்டாந்தரம் விற்பது. சாப்பாட்டுக்கு முன் எந்த மதத்து ஜெபம் சொல்ல வைக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். முக்கியமாக, மீண்டு வந்தவர்கள் அந்த ஸ்தாபனத்தின் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்தில் சூளையிலும் ஆலையிலும் அடிமையாய் இருந்து வெளியேறியவர்களே சங்கம் அமைத்து, அடுத்த சூளையில் கிடப்பவர்களை மீட்கத் துப்புக் கொடுத்து, சர்க்கார் ஆபீசில் காகிதம் எழுதிக் கொடுத்து வருகிறார்கள். தரகனின் பேச்சைக் கேட்டு ஒரு தரம் ஏமாந்தவனுக்கு அவன் அடுத்து என்ன பேசுவான் என்பது எந்த மேதாவியையும் விட நன்றாய்த் தெரியும்.

கடைசியாக, பணம் கொடுக்க முடியாத நம் கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கின்றது. மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் கீழத் தஞ்சை வயல்களில் ஆட்டுக்கிடை வந்து இறங்குகின்றது. வயலுக்கு எரு ஆகும் என்று ஒரு இரவுக்கு இவ்வளவு என்று கீதாரிக்குக் கூலி கொடுக்கிறோம். அந்தக் கிடையோடு பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு பையன், வெறும் காலோடு, கம்பை ஊன்றிக்கொண்டு நின்றால், அவன் யார், எந்த ஊர், அப்பன் பெயர் என்ன, பள்ளிக்கூடம் போகிறானா என்று கேட்டிருக்கிறோமா? எல்லாக் கீதாரியும் அப்படிப்பட்டவர் அல்ல. பலர் தம் சொந்தப் பிள்ளைகளையே கூட்டி வருகிறார்கள், அவர்களும் ஏழைகளே. ஆனால் கேட்டால்தானே தெரியும்? சமதர்மம் பேசுகிற நம் தோழர்கள் வயலிலும் கிடை கிடக்கத்தான் செய்கின்றது. மேடையில் பேசிவிட்டு வந்து, அடமானப் பிள்ளை காவல் காத்த எருவில் சம்பா நடுவது எந்தச் சுயமரியாதையில் சேர்ந்தது என்று தெரியவில்லை.

பையன் சொல்லுகிற பதில் சரியாயில்லை என்றால், கீதாரியோடு சண்டைக்குப் போக வேண்டாம். போனால் அவன் இரவோடு இரவாகப் பையனை வேறு ஊருக்குக் கடத்திவிடுவான். 1098 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். ஆர்.டி.ஓ.வுக்கும் ஒரு மனு எழுதி, நகலை வைத்துக் கொள்ளுங்கள். பையன் மீண்டு ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, மூன்று மாதம் கழித்து அந்த ஊர்த் தோழர் ஒருவருக்கு ஒரு கார்டு எழுதி, பையன் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறானா என்று விசாரியுங்கள். வருகிற பதிலை நமக்கும் எழுதினால், ஊர் பேர் விட்டு இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.